பட்டம் பெற்ற பின்னும் படிப்பா? – கைரோபிராக்டிக் ஆய்வும் நம் பிள்ளைகளும்



கடந்த பள்ளி விடுமுறையில் பாகான் டாலாமில் உள்ள எங்கள் வீட்டிற்கு என் பழைய மாணவி ஒருத்தி தன் தந்தையோடு வந்திருந்தாள். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவள். தந்தை துறைமுகத்தில் பல்லாண்டுகள் சுமை ஏற்றி இறக்கிய உழைப்பாளி. முதுகுவலி தாங்காமல் இரவில் அவர் தரையில் படுத்துப் புரண்டதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், அவள் கைரோபிராக்டிக் துறையைத் தேர்ந்தெடுத்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நான்காண்டுப் படிப்பை முடித்து, ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலையும் பார்க்கிறாள்.

வந்த காரணத்தைத் தந்தையே தொடங்கினார். “நாலு வருசம் படிச்சாச்சு, வேலையும் இருக்கு. இப்ப ஆராய்ச்சி பண்ணப் போறேங்கிறா, டீச்சர். முதுகலை, அப்புறம் முனைவர் பட்டமாம். அதுக்கு மேலயும் என்னமோ ஒரு பயிற்சியாம். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நான் சொன்னேன்: “முதலில் சொந்தமாக ஒரு நிலையம் தொடங்கு, அம்மா. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.”

தந்தையின் முகம் மலர்ந்தது. மகள் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவர்கள் போன பின்பு அந்த மௌனம் என்னை உறுத்தியது. அவள் சொன்ன துறையைப் பற்றி நான் என்ன அறிவேன்? ஒன்றும் அறியாமலேயே அறிவுரை கூறிவிட்டேனே! அதன்பின் சில வாரங்கள் தேடிப் படித்தேன். படித்த பிறகு என் அறிவுரை தவறு என்றே தோன்றுகிறது. அவளுக்குச் சொல்ல வேண்டிய திருத்தத்தை உங்கள் முன்னிலையிலேயே எழுதுகிறேன்.

கைகளால் செய்யும் மருத்துவம்

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றின் வலிக்கு முதன்மையாகக் கைகளாலேயே சிகிச்சை அளிக்கும் துறை. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்னும் ஊரில் டி.டி. பால்மர் என்பவர் இதனைத் தொடங்கினார். நம் ஊர்களில் சுளுக்கு எடுக்கும் பாட்டிமார்களையும் உருவிவிடும் பெரியவர்களையும் நாம் அறிவோம். கைத்திறன் என்ற அளவில் இவையெல்லாம் உறவினர்கள்தாம். ஆயினும் கைரோபிராக்டிக் பல நாடுகளில் பல்கலைக்கழகப் படிப்பாக வளர்ந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி, முழுமையான பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் தேவை என்றும், அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையின் கீழ் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பயிற்சியாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

நம் நாட்டில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யூ., முன்னர் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம் என அழைக்கப்பட்டது, 2010இல் இதற்கான இளங்கலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் ஏழு துறைகளை அங்கீகரித்தது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, ஓஸ்டியோபதி, இசுலாமிய மருத்துவ முறை ஆகியவற்றோடு கைரோபிராக்டிக்கும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நம் சித்த மருத்துவமும் இந்தியப் பாரம்பரிய மருத்துவம் என்ற பெயரின் கீழ் அதே சட்டத்திற்குள் வருகிறது.

எனவே படிப்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. குறையாக இருப்பது ஆய்வு.

ஆய்வு ஏன் வேண்டும்?

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்துறை தோன்றிய காலம் முதலே கடுமையான விமர்சனங்களுக்கு உள்ளாகி வருகிறது. பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பின் பிசகே காரணம் என்று பால்மர் கருதினார். அக்கருத்தை அறிவியல் ஏற்கவில்லை. இன்றும் சிலர் முதுகைச் சரிசெய்தால் எல்லா நோயும் தீரும் என்பதுபோல் விளம்பரம் செய்கின்றனர். கழுத்தை வேகமாகத் திருப்பும் முறையால் அரிதாக இரத்தக்குழாய்க்குத் தீங்கு நேரலாம் என்ற கவலையும் மருத்துவ உலகில் உண்டு. இவற்றை அறியாமல் எந்தப் பெற்றோரும் பிள்ளையை இத்துறைக்கு அனுப்பக் கூடாது.

1975இல் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதாரக் கழகங்கள், என்.ஐ.எச்., ஒரு மாநாட்டைக் கூட்டின. மருத்துவர்களும் கைரோபிராக்டிக் வல்லுநர்களும் ஒரே மேடையில் அமர்ந்து, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சைக்கு என்ன சான்று உள்ளது என்று ஆராய்ந்தனர். பயன் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகக் கூறப் போதிய ஆய்வுகள் இல்லை என்பதே முடிவு. தொடங்கி 80 ஆண்டுகளான ஒரு மருத்துவத் துறையிடம் போதிய சான்று இல்லை என்றால், அதற்குக் காரணம் அத்துறையில் ஆய்வாளர்கள் மிகச் சிலரே இருந்தார்கள் என்பதும்தான்.

இன்றைய நிலை வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் இடுப்பு, கீழ்முதுகு வலியால் அவதியுற்றோர் 61.9 கோடிப் பேர். 2050இல் இது 84.3 கோடியாகும் என மதிப்பிடப்பட்டுள்ளது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு என்னென்ன செய்யலாம் என்று அந்நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயாளிக்குரிய விளக்கக் கல்வி ஆகியவற்றோடு, முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையையும் நிபந்தனையோடு அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை, முதுகை இழுத்து நீட்டும் சிகிச்சை போன்றவற்றை வேண்டாம் என்கிறது. ‘நிபந்தனையோடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சான்று ஓரளவே உள்ளது, மேலும் ஆய்வு தேவை என்பது அதன் பொருள். அந்த மேலும் ஆய்வை யார் செய்வது?

பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு

ஆசிரியர்கள் அறிய வேண்டிய ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். டென்மார்க்கில் சுவென்போர்க் என்றொரு சிற்றூர். அங்குள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2008இல் ‘சாம்ப்ஸ்’ என்னும் நெடுங்கால ஆய்வு தொடங்கப்பட்டது. சில பள்ளிகளில் உடற்கல்வி வாரத்திற்கு ஆறு பாடவேளைகளாக உயர்த்தப்பட்டது. மற்றவற்றில் வழக்கம்போல் இரண்டு பாடவேளைகள். ஒவ்வொரு வாரமும் பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். ‘இந்த வாரம் உங்கள் பிள்ளைக்கு எங்கேனும் வலி இருந்ததா?’ என்பதுபோல் எளிய கேள்விதான். வலி இருந்தது என்றால் வல்லுநர்கள் பள்ளிக்கே வந்து பரிசோதிப்பர். அவர்களுள் கைரோபிராக்டிக் படித்தவர்களும் இருந்தனர்.

அதே பிள்ளைகளிடையே ஓர் ஒப்பீட்டுச் சோதனையும் நடந்தது. முதுகிலோ கழுத்திலோ வலியிருந்த 9 முதல் 15 வயது வரையிலான 238 மாணவர்கள் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் அறிவுரை, உடற்பயிற்சி, தசைகளை நீவிவிடுதல் எல்லாம் உண்டு. ஒரு குழுவிற்கு மட்டும் கூடுதலாக முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் தரப்பட்டது. முடிவு 2018இல் வெளிவந்தது. கூடுதல் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு வலி மீண்டும் வருவது குறையவில்லை!

தம் துறையின் தலையாய சிகிச்சையைத் தாமே சோதித்து, எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை என்பதைத் தாமே உலகறிய வெளியிட்டனர். இதைப் படித்தபோது அத்துறையின் மீது எனக்கு மதிப்பு கூடியதே தவிர, குறையவில்லை. விளம்பரப் பலகை எழுதுகிறவரிடம் இந்த நேர்மையை எதிர்பார்க்க இயலாது. ஆய்வுப் பயிற்சி பெற்றவரிடம் எதிர்பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கனமான புத்தகப்பை பிள்ளைகளின் முதுகைக் கெடுக்கும் என்று நாமெல்லாம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். நானே பெற்றோர் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். 2018இல் ஆய்வாளர்கள் 69 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். புத்தகப்பையே முதுகுவலிக்குக் காரணம் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. பையின் சுமையைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் உறுதியென நினைப்பதும் சோதிக்கப்பட வேண்டும் என்றே சொல்கிறேன்.

முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சி

என் மாணவியின் தந்தை ‘அதுக்கு மேலயும் என்னமோ ஒரு பயிற்சி’ என்றாரே, அது எது? பலரும் முனைவர் பட்டத்தையே படிப்பின் எல்லை என்று கருதுகின்றனர். ஆய்வுலகில் அது தொடக்கம் மட்டுமே. முனைவர் பட்டம் ஒருவர் ஓர் ஆய்வை முறையாகச் செய்யக் கற்றுவிட்டார் என்பதற்குச் சான்று. அதன்பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் அனுபவமிக்க ஒரு பேராசிரியரின் ஆய்வுக்குழுவில் சேர்ந்து, சொந்தமாகக் கேள்வி எழுப்பவும், ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கவும், பிற துறையினரோடு இணைந்து பணியாற்றவும் பழகுவதே பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சி. இது சம்பளமோ உதவித்தொகையோ பெறும் பணி என்பதைப் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் கைரோபிராக்டிக் படித்து முடித்தவருக்கு ‘டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்’ என்ற பட்டம் தரப்படுகிறது. அது தொழிற்பட்டம், ஆய்வுப் பட்டமன்று. ஆய்வாளராக விரும்பும் ஒருவர் அதற்குப் பின்பும் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தாக வேண்டும்.

வாய்ப்புகள் எங்கே உள்ளன? நான் அறிந்தவரையில் சில:

1. டென்மார்க்கின் ஓடென்சே நகரிலுள்ள தென் டென்மார்க் பல்கலைக்கழகம். இங்கு 1994 முதல் கைரோபிராக்டிக் மாணவர்கள் பல்கலைக்கழகத்திலேயே பயில்கின்றனர். தொடக்க ஆண்டுகளில் மருத்துவ மாணவர்களோடு சேர்ந்தே பயில்கின்றனர். அந்நாட்டில் முனைவர் பட்ட மாணவர் பொதுவாகச் சம்பளம் பெறும் பணியாளராகவே கருதப்படுகிறார். 2018இல் லான்செட் இதழ் கீழ்முதுகு வலி பற்றி வெளியிட்ட கட்டுரை வரிசையில் முதல் கட்டுரையின் முதன்மை ஆசிரியர் இப்பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் யான் ஹார்ட்விக்சன். அவர் கைரோபிராக்டிக் படித்தவர்.

2. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம். இங்குள்ள பேராசிரியர் கிரெக் காவ்சுக், கைரோபிராக்டிக் படித்துப் பின்னர் உயிர்ப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். விரலைச் சொடுக்கும்போது மூட்டுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. கருவியால் படம்பிடித்து 2015இல் அவர் குழு வெளியிட்டது. நம் வகுப்புப் பிள்ளைகள் நாள்தோறும் செய்யும் சொடக்குத்தான்!

3. கார்ல் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வுத் தலைமைப் பயிற்சித் திட்டம். மேற்சொன்ன இருவரும் ஆஸ்திரேலியாவின் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஆடம்சும் சேர்ந்து உருவாக்கியது. பல நாடுகளின் இளம் கைரோபிராக்டிக் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்து வழிநடத்துகிறது.

4. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகை. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்டத்திற்குப் பின் எட்டாண்டுக்கு மேற்படாத ஆய்வு அனுபவம் உள்ளவர்களுக்கு உரியது.

5. அமெரிக்க என்.ஐ.எச். அமைப்பில் நிரப்பு மருத்துவ ஆய்வுக்கென்றே ஒரு மையம் 1998இல் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் அங்குப் பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சிக்குத் தரப்படும் முக்கிய உதவித்தொகைகள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியவை. நம் பிள்ளைகள் இதை முன்னரே தெரிந்துகொள்வது நல்லது. வீண் ஏமாற்றம் தவிர்க்கப்படும்.

இவையெல்லாம் கடல் கடந்த வாய்ப்புகள். நம் வாசலுக்கு அருகில் ஒன்றும் இல்லையா? பாகான் டாலாமிலிருந்து வடக்கே சென்றால் கெப்பாளா பத்தாஸ். அங்குள்ள அரசு மருத்துவமனையில்தான் 2007இல் நாட்டிலேயே முதலாவதாகப் பாரம்பரிய, நிரப்பு மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது. அதற்கு அருகே பெர்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயர்நிலை மருத்துவ, பல்மருத்துவக் கழகம் இருக்கிறது. இப்பக்கம் துறைமுகமும் பிறைத் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. முதுகால் உழைத்து முதுகால் வருந்தும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருக்கின்றனர். மருத்துவமனை, ஆய்வுக்கழகம், நோயுற்றோர் என மூன்றும் ஒரே வட்டாரத்தில்! இவற்றை இணைத்து ஓர் ஆய்வை நடத்தக்கூடிய பயிற்சி பெற்றவர்கள்தாம் தேவை. கைரோபிராக்டிக் கற்றுத்தரும் பல்கலைக்கழகமும் நம் பொதுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஓர் ஆய்வாளருக்கேனும் இப்படியொரு பயிற்சி இடத்தை உருவாக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பெற்றோரின் அச்சம் நியாயமானதே

‘டீச்சருக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விடுவார், கடனைக் கட்டுவது நாங்கள்தானே’ என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. முதல் பட்டத்திற்கே கல்விக் கடன் வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. முதுகலை, முனைவர் பட்டம், பிந்தைய பயிற்சி எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகும். அதே காலத்தில் உடன் படித்தவர் சொந்த நிலையம் வைத்து வீடும் வாங்கியிருப்பார். ஆய்வாளருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. பெண்பிள்ளையாக இருந்தால் திருமணப் பேச்சு வேறு.

ஆகவே எல்லாரும் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று நான் கூற மாட்டேன். பத்துப் பேர் சிகிச்சை அளித்தால் ஒருவரேனும் ஆய்வு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. அந்த ஒருவர் நம் வீட்டில் பிறந்திருந்தால் அவரை நாமே தடுத்துவிடக் கூடாது. மருத்துவ அறிவை உருவாக்கும் இடத்தில் நம்மவர் இல்லையென்றால், நம் உழைப்பாளிகளின் முதுகைப் பற்றிய கேள்விகளை யாரும் கேட்க மாட்டார்கள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவரின் வலி டென்மார்க் அலுவலகப் பணியாளரின் வலியைப் போன்றதுதானா? இதற்கு ஓடென்சேயில் விடை கிடைக்காது. இங்கேதான் தேட வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

பெற்றோர்களே, பிள்ளை ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ‘என்ன சம்பளம்?’ என்பதோடு ‘இங்கே ஆய்வு நடக்கிறதா? மேற்படிப்புக்கு வழி உண்டா?’ என்றும் கேளுங்கள். முதல் பட்டத்தின்போதே ஆய்வில் ஈடுபட்ட மாணவருக்கு வழி எளிதாகும். ஆய்வில் நாட்டமுள்ள பிள்ளை உடனே வேலையை விட வேண்டும் என்பதும் இல்லை. பகுதிநேரமாக வேலை செய்துகொண்டே முதுகலை ஆய்வைத் தொடங்கலாம். முனைவர் பட்டத்தைச் சம்பளமோ உதவித்தொகையோ தரும் இடத்தில் மட்டுமே ஏற்பது நல்லது.

ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் ‘பயிற்று எண் மூன்று, விடை ஆ’ என்று முடித்துவிடாதீர்கள். வகுப்பில் பத்துப் பேரின் புத்தகப்பையை நிறுத்து, முதுகு வலிக்கிறதா என்று நான்கு வாரம் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நினைத்ததற்கு மாறாக விடை வந்தால் அதை அழிக்காமல் எழுதச் சொல்லுங்கள். பின்னாளைய ஆய்வாளருக்கு வேண்டிய முதல் பழக்கம் அதுதான். அது தொடக்கப்பள்ளியிலேயே வர வேண்டும்.

கல்வி நிதி வழங்கும் நம் அமைப்புகளுக்கும் ஒரு சொல். எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கும் இளங்கலை மாணவர்களுக்கும் உதவுவது போற்றத்தக்கது. ஆண்டுதோறும் ஓர் ஆய்வு மாணவருக்கு, குறைந்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் செலவையும் விமானப் பயணச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெரிய தொகையன்று, ஆனால் பல கதவுகள் அந்த இடத்தில்தான் மூடிவிடுகின்றன.

இறுதியாக, என் மாணவிக்கு. நான் உனக்குச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவசரப்பட்டுவிட்டேன். உன் தந்தையின் வலிக்கு உன் கைகளால் ஆறுதல் தரலாம். அந்த ஆறுதல் எதனால் வருகிறது, யாருக்கு வராது, ஏன் வராது என்று நீ கேட்கத் தொடங்கிவிட்டாய். அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிடாதே. அடுத்த விடுமுறையில் அப்பாவை மறுபடியும் அழைத்து வா. இம்முறை செலவுக் கணக்கையும் விண்ணப்பத் தாள்களையும் மேசையில் வைத்துக்கொண்டு மூவரும் பேசுவோம்.

மற்றவர்கள் தங்கள் கருத்தைத் தயங்காமல் எழுதுங்கள். மாற்றுக் கருத்தாயினும் வரவேற்கிறேன்.

அன்புடன்,
பாகான் டாலாமிலிருந்து ஒரு தமிழாசிரியை